எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெய்

வாகனக் கடன் விண்ணப்பத்தோடு வரும் கொட்டேஷனில் ஒரு வங்கி அலுவலர் வழக்கமாகப் பார்ப்பவை சில உண்டு: ஷோரூம் விலை, சாலை வரி, காப்பீட்டு பிரீமியம், இவற்றின் கூட்டல். மாடல் பெயருக்குப் பக்கத்தில் 'ஆட்டோமேட்டிக்' என்று அச்சிட்டிருந்தால் விலை சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதற்கு மேல் அச்சொல்லுக்கு நான் பொருள் தேடியதில்லை. வணிகவியல் படித்தவனுக்கு அது போதும் என்றே நினைத்திருந்தேன்.

மேற்கு வங்காளத்தின் துர்காப்பூரில் பணியாற்றியபோது ஒரு வாடிக்கையாளர் அந்த எண்ணத்தைக் கலைத்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், அறுபதைக் கடந்தவர். ஊரார் அவரை 'மாஸ்டர்மொஷாய்' என்று அழைப்பார்கள். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய மனைவிக்கு வாரம் இரண்டு நாள் மருத்துவமனையில் சிகிச்சை. வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட்; அதை அடுத்து ஒரு மேட்டுச் சாலை. கேட் மூடினால் வண்டிகள் நீண்ட வரிசையில் அங்குலம் அங்குலமாக நகரும். அவரிடம் இருந்த பழைய காரில் அந்த வரிசையைக் கடப்பதற்குள் கிளட்சை நாற்பது ஐம்பது முறை மிதிக்க வேண்டியிருந்தது. இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு அது இயலாமல் போயிற்று. தினமும் ஓட்டுநர் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஓய்வூதியம் இடம்தரவில்லை.

இரண்டு கொட்டேஷன்களோடு அவர் வந்திருந்தார். இரண்டு கார்களும் ஆட்டோமேட்டிக். விலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் வேறுபாடு. "எதற்காக இந்த ஒரு லட்சம்?" என்று ஷோரூமில் கேட்டதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லையாம். பிறகு என்னிடம் கேட்டார்: "கார் சிவப்பு விளக்கில் நிற்கிறது. சக்கரம் சுழலவில்லை. எஞ்சின் சுழன்றுகொண்டே இருக்கிறது. கிளட்ச் பெடலும் கிடையாது. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது யார், மேனேஜர் பாபு?"

"கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும், மாஸ்டர்மொஷாய்" என்றேன். தவறான விடை சொன்ன மாணவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். அதற்குள் எத்தனையோ ஆட்டோமேட்டிக் கார்களுக்கு நான் கடன் அனுமதித்திருந்தேன் என்பதை அப்போது நினைத்துக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அவருடைய கேள்வி அடிப்படையானது. மின்மோட்டாரைப் போலப் பெட்ரோல் எஞ்சினும் டீசல் எஞ்சினும் நின்ற நிலையிலிருந்து சுமையை இழுக்க இயலாதவை. நிமிடத்துக்கு 700, 800 சுற்றுகளுக்குக் கீழே போனால் அவை அணைந்துவிடும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்துதான் புறப்பட்டாக வேண்டும். ஒன்று சுழல்கிறது, மற்றொன்று நிற்கிறது. இரண்டையும் ஒரேயடியாக இணைத்தால் எஞ்சின் இருமி அணைந்துபோகும். சாதாரண காரில் இந்தச் சிக்கலைத் தீர்ப்பது கிளட்ச் தட்டு. அது உரசி, வழுக்கி, மெல்லப் பிடித்துக்கொள்ளும். அதை இயக்கும் பெடல் இல்லாத காரில் அந்த வேலையைச் செய்வது எது?

எனக்கு விடை கிடைத்த இடம் ஒரு கல் உடைக்கும் ஆலை. எங்கள் கிளையில் கடன் பெற்றிருந்த சிறுதொழில் நிறுவனம் அது. ஆண்டு ஆய்வுக்காகப் போயிருந்தேன். அன்று கன்வேயர் பெல்ட் கல் சிக்கி நின்றிருந்தது. மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருந்த உருண்டையான இரும்புப் பாண்டத்திலிருந்து சூடான எண்ணெய் பீறிட்டுத் தரையெல்லாம் சிந்தியிருந்தது. பெரிய சேதம், கடன் தவணை நிற்கப்போகிறது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க, ஃபிட்டர் சிரித்துக்கொண்டே ஒரு சிறு திருகாணியைக் காட்டினார். அதன் நடுத்துளையில் இருந்த உலோகம் உருகிப் போயிருந்தது. வீட்டு பிரஷர் குக்கரில் சேஃப்டி வால்வு செய்யும் வேலையைத்தான் அது செய்திருந்தது. பெல்ட் நின்றுவிட்டது, மோட்டார் தொடர்ந்து சுழன்றது, நடுவில் இருந்த எண்ணெய் கொதித்தது, வழக்கமாக 140 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும் அந்த அடைப்பு திறந்துகொண்டு எண்ணெயை வெளியேற்றியது. எண்ணெய் போனதும் மோட்டாருக்கும் பெல்ட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. புது அடைப்பும் புது எண்ணெயும் போட்டால் முடிந்தது. மோட்டார் பிழைத்துக்கொண்டது.

அந்தப் பாண்டத்தின் பெயர் ஃப்ளூயிட் கப்ளிங். மூலையில் கிடந்த பழைய கப்ளிங் ஒன்றைத் திறந்து காட்டினார் ஃபிட்டர். ஒரு பெரிய மெதுவடையைக் குறுக்காக இரண்டு வட்டங்களாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியின் உட்புறத்தையும் குடைந்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் நேரான தகடுகளை வரிசையாக நிறுத்தியதுபோல் இருந்தது. ஒரு பாதி மோட்டாரோடு சேர்ந்து சுழலும். அதற்கு இம்பெல்லர் என்று பெயர். எதிரே இருக்கும் மற்றொரு பாதி டர்பைன். அது பெல்ட்டை இழுக்கும் கியர்பாக்ஸோடு இணைந்தது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே சிறு இடைவெளி, உள்ளே எண்ணெய்.

இரண்டு மேசை மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றொன்றும் மெல்லச் சுற்றத் தொடங்கும். கப்ளிங்கில் காற்றுக்குப் பதில் எண்ணெய். திறந்த வெளிக்குப் பதில் மூடிய பாண்டம். இம்பெல்லர் சுழலும்போது அதன் தகடுகளுக்கு நடுவே உள்ள எண்ணெய் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. விளிம்பிலிருந்து எதிர்ப்பாதிக்குள் பாய்ந்து டர்பைனின் தகடுகளை அறைகிறது. தன் வேகத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டு மையத்தின் வழியாக மீண்டும் இம்பெல்லருக்கே திரும்புகிறது. இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. கப்ளிங் கடத்தக்கூடிய முறுக்குவிசை இம்பெல்லரின் சுழல்வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வேகம் 3 மடங்கானால் விசை 9 மடங்கு. 800 சுற்றில் சும்மா ஓடும் எஞ்சின், எண்ணெய் வழியாகச் சக்கரத்தைத் தள்ளுவது மிகச் சிறிய அளவில்தான். பிரேக்கை மிதித்தாலே அதை அடக்கிவிடலாம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2,400 சுற்றுக்குக் கொண்டுபோனால் அதே எண்ணெய் 9 மடங்கு விசையைக் கடத்தும். மாஸ்டர்மொஷாயின் கேள்விக்கு விடை இதுதான். இரண்டையும் யாரும் பிரித்து வைக்கவில்லை. எண்ணெய் எப்போதும் இணைத்துக்கொண்டே இருக்கிறது. மெதுவாகச் சுழலும்போது அந்த இணைப்பு பலவீனமாக இருக்கிறது, அவ்வளவே.

இந்தக் கருவி முதலில் கடலில் பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில், இன்று அது போலந்தில் இருக்கிறது, வல்கன் கப்பல் கட்டும் தளத்தில் பணியாற்றிய ஹெர்மான் ஃபெட்டிங்கர் என்ற பொறியாளர் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருக்கு இருந்த சிக்கல் நம் காரின் சிக்கலுக்கு உறவானது. நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழன்றால்தான் சிக்கனமாக வேலை செய்யும். கப்பலின் உந்துவிசிறியோ மெதுவாகச் சுழன்றால்தான் நீரைச் சரியாகத் தள்ளும். அவ்வளவு திறனைத் தாங்கும் பற்சக்கரங்களைச் செய்வது அக்காலத்தில் கடினம். நீராவி டர்பைனால் ஒரு பம்பை ஓட்டி, அந்த நீரைக் குழாய் வழியே கொண்டுபோய் ஒரு நீர் டர்பைனைச் சுழற்றலாம். ஆனால் குழாயிலேயே திறனில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஃபெட்டிங்கர் குழாயையே நீக்கினார். பம்பையும் டர்பைனையும் ஒரே உறைக்குள் முகத்துக்கு முகம் வைத்தார். கூடவே மூன்றாவதாக ஒரு சக்கரத்தையும் வைத்தார். அதுதான் டார்க் கன்வர்ட்டர்.

அந்த மூன்றாவது சக்கரம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு இரட்டைப் பதிவு முறைதான் கைகொடுத்தது. கப்ளிங்கில் இருப்பவை இரண்டே கணக்குகள். இம்பெல்லர் எண்ணெய்க்கு எவ்வளவு முறுக்குவிசை கொடுக்கிறதோ அவ்வளவுதான் டர்பைன் எடுக்க முடியும்; ஒரு பக்கம் பற்று, மறுபக்கம் வரவு, இரண்டும் ஈடாக வேண்டும். எஞ்சின் 150 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் மறுமுனையில் கிடைப்பதும் 150. ஆனால் நின்ற காரைக் கிளப்பவும் மேட்டில் ஏற்றவும் அதைவிடக் கூடுதலாகத் தேவை. கூடுதலான 150-ஐ டர்பைன் பக்கம் எழுத வேண்டுமானால், அதற்கு ஈடாக மற்றொரு கணக்கில் 150 விழ வேண்டும். அந்த மூன்றாவது கணக்கின் பெயர் ஸ்டேட்டர்.

டர்பைனின் வளைந்த தகடுகளை அறைந்துவிட்டு வரும் எண்ணெய் எதிர்த்திசையில் திரும்பி வருகிறது. அப்படியே விட்டால் அது இம்பெல்லரின் முதுகில் மோதி எஞ்சினுக்கே தடையாகும். மையத்தில் நிற்கும் ஸ்டேட்டர் அந்த எண்ணெயைப் பிடித்து, இம்பெல்லர் சுழலும் திசைக்கே திருப்பி அனுப்புகிறது. திருப்பும்போது ஸ்டேட்டர் மீது ஒரு விசை விழும். அது பின்னோக்கிச் சுழலாதபடி ஒருவழிக் கிளட்ச் பிடித்துக்கொள்ள, அந்த விசையை கியர்பாக்ஸின் உறை தாங்குகிறது. கணக்கு ஈடாகிறது: இம்பெல்லர் 150, ஸ்டேட்டர் 150, டர்பைனுக்கு 300. கார்களில் புறப்படும் கணத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கிடைப்பது வழக்கம்.

இதைக் கேட்டு, இல்லாத பணத்தை உருவாக்கும் திட்டமாக யாரும் எண்ணிவிட வேண்டாம். முறுக்குவிசைதான் பெருகுகிறது, திறன் அன்று. எடுத்துக்காட்டாக, இம்பெல்லர் 2,000 சுற்றிலும் டர்பைன் 1,000 சுற்றிலும் இருக்கும்போது முறுக்குவிசை ஒன்றரை மடங்கு கிடைக்கிறது என்று கொள்வோம். வேகம் பாதி, விசை ஒன்றரை. பெருக்கினால் எஞ்சின் கொடுத்த திறனில் 75 சதவீதம் சக்கரத்துக்குப் போகிறது. மீதி 25 எண்ணெயைச் சூடாக்குகிறது. ஸ்டேட்டர் இல்லாத கப்ளிங்காக இருந்தால் இதே நிலையில் பாதிக்குப் பாதி வெப்பமாகியிருக்கும். காரின் வேகம் கூடி, டர்பைன் இம்பெல்லரை ஏறத்தாழ எட்டிப்பிடித்ததும் எண்ணெய் ஸ்டேட்டரின் மறுபக்கத்தில் படத் தொடங்கும். மிதிவண்டியின் ஃப்ரீவீலைப் போல ஸ்டேட்டர் தானும் சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். மூன்றாவது கணக்கு மூடப்படுகிறது. கன்வர்ட்டர் வெறும் கப்ளிங்காக மாறிவிடுகிறது. யாரும் பொத்தான் அழுத்தாமல், எண்ணெய் பாயும் திசை ஒன்றாலேயே இது நிகழ்கிறது. கம்ப்யூட்டர் என்று நான் சொன்ன பதில் எவ்வளவு தவறு என்பது அப்போதுதான் முழுமையாகப் புரிந்தது.

கப்பலிலிருந்து சாலைக்கு வந்த கதை சுருக்கமானது. லண்டன் பேருந்துகள் புறப்படும்போதெல்லாம் பயணிகளைக் குலுக்கி எடுப்பதைக் கண்ட ஹெரால்டு சின்க்ளேர் என்ற பொறியாளர் எண்ணெய்க் கப்ளிங்கைச் சாலை வாகனங்களுக்கு ஏற்றதாக்க முயன்றார். பிரிட்டனின் டைம்லர் நிறுவனம் 1930-இல் அதைத் தன் வாகனங்களில் கொண்டுவந்தது. பிற்காலத்தில் புகழ்பெற்ற சிவப்பு ரூட்மாஸ்டர் பேருந்துகளிலும் அதுவே இருந்தது. அமெரிக்காவில் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஃப்ளூயிட் கப்ளிங்கும் நான்கு கியர்களும் கொண்ட ஹைட்ராமேட்டிக் வந்தது. 1948-இல் பியூக் கார்களில் டார்க் கன்வர்ட்டர்.

நம் நாட்டின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான் பணியாற்றிய துர்காப்பூரிலேயே மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதன் இயக்குநராக இருந்த மன்மோகன் சூரி, அதற்கு முன் ரயில்வே பொறியாளர். டீசல் ரயில் எஞ்சின்களுக்காக, எண்ணெய் வழி இயக்கத்தையும் இயந்திர வழி இயக்கத்தையும் இணைத்து அவர் வடிவமைத்த அமைப்பு 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்று அவர் பெயராலேயே வழங்கியது. 1962-இல் அவருக்குச் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. துர்காப்பூரிலிருந்து சில மணி நேரத்தில் போய்வரக்கூடிய சித்தரஞ்சன் ஆலையில் கட்டப்பட்ட ஷண்டிங் எஞ்சின்களில் அவருடைய அமைப்பு இடம்பெற்றது. ரயில் யார்டுகளில், நீராவி எஞ்சினைப் போலச் சக்கரங்களை இணைக்கும் நீண்ட தண்டுகளோடு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டிருந்த சிறிய டீசல் எஞ்சின்களைப் பார்த்தவர்களுக்கு அவை நினைவிருக்கலாம். ஸ்வராஜ் டிராக்டர் உருவானதும் சூரியின் தலைமையில் அதே துர்காப்பூர் நிறுவனத்தில்தான். விவசாயக் கடன் பிரிவில் இருந்தவர்களுக்கு அந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மாஸ்டர்மொஷாயின் இரண்டு கொட்டேஷன்களுக்கு வருவோம். மலிவான காரில் இருந்தது ஏ.எம்.டி. என்ற வகை. 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவில் பரவத் தொடங்கியது அது. அதில் எண்ணெய்க் கன்வர்ட்டர் கிடையாது. சாதாரண கியர்பாக்ஸும் சாதாரண கிளட்ச் தட்டும்தான். மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு சிறு இயந்திரம் செய்கிறது. எரிபொருள் செலவு சாதாரண காரை ஒட்டியே இருக்கும். பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசையில் அந்தத் தட்டு ஒவ்வொரு முறையும் உரசித்தான் ஆக வேண்டும்; கியர் மாறும்போது ஒரு சிறு தயக்கமும் தெரியும். விலை கூடிய காரில் இருந்தது டார்க் கன்வர்ட்டர். எண்ணெயில் உரசித் தேய்வதற்கு எதுவும் இல்லை. குறைந்த வேகத்தில் எண்ணெய் வழுக்குவதால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். நெடுஞ்சாலையில் இந்தக் குறையைப் போக்க, இம்பெல்லரையும் டர்பைனையும் நேரடியாகப் பூட்டிவிடும் லாக்-அப் கிளட்ச் இன்றைய கார்களில் உண்டு. சி.வி.டி. என்று விற்கப்படும் வகையிலும் பலவற்றில் புறப்படுவதற்கு இதே கன்வர்ட்டர்தான் இருக்கிறது. ஆகவே 'ஆட்டோமேட்டிக்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஷோரூமில் கேட்டு, எழுத்திலும் வாங்கிக்கொள்வது நல்லது.

அவர் கேட்ட ஒரு லட்சத்தையும் தாளில் போட்டுப் பார்த்தோம். 9 சதவீத வட்டியில், 84 மாதத் தவணையில், ஒரு லட்சம் கூடுதல் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 1,609 ரூபாய். ஏழு ஆண்டில் மொத்தம் சுமார் 1,35,000. தினமும் நெடுஞ்சாலையில் ஓடுகிறவராக இருந்தால் மலிவான காரையே வாங்கச் சொல்லியிருப்பேன். வாரம் நான்கு முறை, போகும்போதும் வரும்போதும், ரயில்வே கேட்டில் நிற்பவருக்கு அந்த 1,609 வீண் செலவாகத் தோன்றவில்லை. முடிவை அவரே எடுத்தார். கால அளவை மட்டும் ஐந்தாண்டாகக் குறைத்துக்கொண்டார். எழுபது வயதுக்குள் கடனை முடித்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

கல் உடைக்கும் ஆலையின் ஃபிட்டர் சொன்ன சில எச்சரிக்கைகளையும் அவருக்குச் சொன்னேன். மேட்டுச் சாலையில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தே காரைப் பின்வாங்காமல் நிறுத்திவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. கன்வர்ட்டர் காரில் அப்படிச் செய்தால் எஞ்சின் கொடுக்கும் திறன் முழுவதும் எண்ணெயைக் கொதிக்க வைக்கவே போகும். அதற்குப் பிரேக்தான் வழி. சேற்றில் சிக்கினால் நீண்ட நேரம் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டிருப்பதும் அப்படியே. கியர்பாக்ஸ் எண்ணெயைக் கையேட்டில் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்குபவர்கள் அந்த எண்ணெய் கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் விலை பேசாமல் திரும்பிவிடலாம். பேட்டரி தீர்ந்துபோனால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது; உள்ளே எண்ணெயை ஓட்டும் பம்ப் எஞ்சின் சுழன்றால்தான் சுழலும். அதே காரணத்தால், இயங்கும் சக்கரங்கள் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுத்துச் செல்வதும் கூடாது. லாரியின் மேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். சாதாரண மோட்டார் காப்பீட்டில் இயந்திரப் பழுது அடங்காது என்பதால், கூடுதல் வாரண்டியையும் வழியோர உதவிச் சேவையையும் வாங்கும்போதே விசாரித்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. 'டி' நிலையில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தவுடன், ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கார் ஊர்ந்து நகரும். பழுதென்று அஞ்ச வேண்டியதில்லை; 800 சுற்றில் எண்ணெய் தரும் அந்தச் சிறு உந்துதல்தான் அது. வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும்போது இதை மறந்துவிடக் கூடாது. இறங்குவதற்கு முன் 'பி' நிலைக்கு மாற்றி, கைப்பிரேக்கையும் போட வேண்டும். கிளட்சுக்குப் பழகிய இடது கால் அகலமான பிரேக் பெடலைக் கிளட்ச் என்று எண்ணி ஓங்கி மிதித்துவிடும். புதிதாக மாறியவர்கள் இடது காலை இருக்கையை ஒட்டிப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு, முதல் சில நாட்கள் வெற்று மைதானத்தில் ஓட்டிப் பழக வேண்டும்.

மாஸ்டர்மொஷாய் தாம் பணியாற்றிய பள்ளியின் மைதானத்தில் ஒரு வாரம் பழகினார். முதல் தவணைக்கு முன்பே ஒரு நாள் கிளைக்கு வந்தார். அன்று காலை ரயில்வே கேட் வெகுநேரம் மூடியிருந்ததாம். இரண்டு சரக்கு ரயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. பிரேக்கிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினால் கார் நகர்ந்தது, அழுத்தினால் நின்றது. இடது முழங்காலை ஒருமுறைகூட மடக்கவில்லை என்றார். வழக்கமாக ஒவ்வொரு குலுக்கலுக்கும் கண்ணை விழிக்கும் அவருடைய மனைவி, கேட் திறந்ததும் மேடு ஏறியதும் தெரியாமல் பக்கத்து இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாராம்.